குசினிச் செருப்பு

மற்றவர்கள் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் போவார்கள். எங்கள் வீட்டில் குசினிக்குள் நுழையும்போதுதான் செருப்பைப் போடுவோம். பின்பக்கம் இழுத்துக் கட்டிய குசினிக்கு இறங்குகிற படியில் ரப்பர் செருப்புகள் கிடக்கும். விருந்தாளி வந்தால் அவருக்கும் ஒரு ஜோடியைக் காலால் நகர்த்திக் கொடுப்பேன். ஏன் என்று கேட்டால், "தரை சில்லுன்னு இருக்கும், கால் கொடையும்" என்பேன். வாய் கூசாமல் சொல்வேன்.

உண்மை வேறு. செருப்பில்லாமல் அந்த எவர்சில்வர் மேசையைத் தொட்டால் விரல் நுனியில் கரண்டு ஊறும். மாவு பிசைந்த ஈரக் கை என்றால் முழங்கை வரைக்கும் ஏறும். நாங்கள் அதோடு குடித்தனம் நடத்தினோம். மேசைக்குக் கோபம் வந்துவிட்டது என்பார் என் வீட்டுக்காரர். நானும் சிரிப்பேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, எழுதித் தொலைக்கிறேன்.

என் அக்கா மட்டும் அந்தச் செருப்பைத் தொட மாட்டாள். முறுக்கு ஆர்டர் அதிகமாக வந்தால் ஒத்தாசைக்கு வருவாள். "அடுப்பு இருக்கற எடத்துல செருப்பாடி? லட்சுமி உன் வீட்டுல நிப்பாளா?" என்று திட்டிவிட்டு, வெறுங்காலோடு பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிழிவாள். அவள் வீட்டிலும் அப்படித்தான். குசினித் தரையைக் கழுவி, அந்த ஈரம் காயும் முன்னே கிரைண்டரைப் போட்டுவிடுவாள். சுத்தம் என்று ஆரம்பித்தால் அவளை யாரும் நிறுத்த முடியாது.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அசாம் ஜாவா டவுனிலிருந்து உள்ளே போகிற எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீட்டுக்கு அவர்தான் கரண்டு இழுத்தவர். சொந்தக்காரர்கள் வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். லைசன்ஸ் கிடையாது, படிப்பு கிடையாது, ஒரு பிளையர், ஒரு டெஸ்டர், அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே சாயங்காலம் இஞ்சின் ஓடினால்தான் லயத்து வீடுகளுக்கு விளக்கு. இளவட்டமாக இருந்தபோது அந்த இஞ்சின் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் மாமாதான். விளக்கு நின்றால் கணக்கு எழுதுகிற கிராணியிலிருந்து வேலை வாங்குகிற மண்டோர் வரைக்கும் அவரைப் பிடித்து ஏசுவார்கள். எரிந்துகொண்டிருந்தால் அவர் இருக்கிறாரா செத்தாரா என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் நல்ல கரண்டு என்றால் மாமாவுக்கு ஒன்றுதான். அது நிற்கக் கூடாது.

வேலைக்குக் கூலி வாங்க மாட்டார். ஒரு வேட்டி துண்டு, கோழிக்கறிச் சோறு, அதோடு ஒரு மரியாதை. புது வீட்டில் பால் பொங்கியதும் முதல் விளக்கை அவர் கையால்தான் போட வேண்டும். ஐயர் வந்திருந்தாலும் சரி, பாதர் வந்திருந்தாலும் சரி, மாமா சுவிட்சைத் தட்டின பிறகுதான் பாலை ஊற்றிக் கொடுப்போம். எங்கள் கூட்டத்தில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

குசினியை இழுத்துக் கட்டியபோதும் அப்படித்தான். முறுக்கு, அதிரசம், கேக் என்று என் வியாபாரம் பெரிதாகி, வீட்டுக்குள் இருந்த பழைய அடுப்பு போதவில்லை. ஐயர் நாள் குறித்துவிட்டார். நகராண்மை மன்றத்துக்குப் பிளான் அனுப்ப வேண்டும், வயரிங்கை லைசன்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும், கரண்டு ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வீடு கட்டிய மேஸ்திரி ஒரு பேச்சுக்குச் சொன்னார். மாமா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நம்ம வீட்டுக்கு நாம கரண்டு இழுக்கறதுக்கு எவன்கிட்டம்மா கேக்கணும்? அவன் வந்து பாக்கறதுக்குள்ள உன் நல்ல நாளு போயிடும்லா."

அதுவும் நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. நாள் தவறக் கூடாது என்ற அவசரத்தில் மனுஷ உயிர் எனக்கு ஞாபகம் வரவில்லை. பால் பொங்கியது. சிங்க் பக்கத்தில் வைத்திருந்த சுவிட்சை மாமா தட்டினார். விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

மேசை ஊறுகிறது என்று பிறகு சொன்னபோது மாமா வந்து தொட்டுப் பார்த்தார். "பெரிய பிரீசர் ஓடுதுல்ல, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். செருப்பு போட்டுக்கம்மா, ஒண்ணும் செய்யாது" என்றார். அன்றிலிருந்துதான் படியில் செருப்பு.

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு கரண்டு அடுப்பு வாங்கினேன். கேக் சுடுகிற பெரிய அடுப்பு. அதைப் போட்டால் வீடே இருண்டுவிடும். அதிகக் கரண்டு வேண்டுமென்று கேட்கப் போனால், முதலில் லைசன்ஸ் உள்ள ஆள் வந்து வீட்டைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். விசாரித்ததில் கோலா குபு பாரு பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நம் பெண்தான், முப்பது வயதுகூட இருக்காது. வாய் ஓயாது. காலில் கனத்த பூட்ஸ், கையில் மீட்டர், காதில் பெரிய வளையம். வந்ததும் ஐஸ் மைலோ கேட்டு வாங்கிக் குடித்தாள்.

முன்வாசல் பெட்டியைத் திறந்து ஒரு பித்தானைக் காட்டினாள். "அக்கா, இதுதான் உயிர் காக்கற சுவிட்சு. எங்கயாச்சும் கரண்டு லீக் ஆனா, ஆளைத் தாக்கறதுக்குள்ள இது தானா விழுந்துடும். இப்ப அமுக்கறேன், வீடு முழுக்க கட் ஆவும், பயந்துடாதீங்க."

அமுக்கினாள். ஹாலில் காற்றாடி நின்றது. சாமி விளக்கு அணைந்தது. குசினியில் பிரீசர் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் மைலோவைக் கீழே வைத்தாள். பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள், குசினிச் சுவரில் ஒவ்வொரு பிளக்காகத் திறந்து பார்த்தாள். எல்லாம் முடித்துவிட்டுப் படியில் கிடந்த செருப்புகளைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் செருப்பா?"

நான் தலையாட்டினேன். தரை சில்லென்று இருக்கும் என்ற கதையை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் அந்த உயிர் காக்கிற சுவிட்சு அடிக்கடி விழும். விழுந்தால் கரண்டு நிற்கும். கரண்டு நிற்பது மாமாவுக்கு ஆகாது. அதனால் குசினிக்குப் போகிற வயரை அந்தச் சுவிட்சுக்கு முன்னாலிருந்தே நேராக இழுத்துவிட்டார். மண்ணுக்குப் போக வேண்டிய மூன்றாவது வயரும் கிடையாது. லயத்தில் இரண்டு வயர்தானே இருந்தது, மூன்றாவது எதற்கு என்று விட்டிருப்பார். லீக் ஆன கரண்டு போக வழி இல்லாமல் மேசையில் வந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் அதன் மேல் மாவு பிசைந்துகொண்டிருந்தோம்.

"எல்லாத்தையும் உருவிட்டுப் புதுசா இழுக்கணும்கா. இழுத்து, டெஸ்ட் பண்ணி, எங்க பேர்ல கையெழுத்து போட்டு அனுப்பினாத்தான் கரண்டு ஏத்துவாங்க. இந்த ரூலெல்லாம் உங்களுக்குத் தொல்லை குடுக்க இல்ல. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு கேக்கறதுன்னு இருக்கணும்ல?" என்றவள், என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். "யாரு செஞ்சது இது? வேற வீட்டுலயும் செஞ்சிருக்காரா?"

"சொந்தக்காரரும்மா. வேற எங்கயும் இல்ல, இதுதான் முதத் தடவ."

அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. பாதித் தாமானுக்கு அவர்தான் இழுத்தார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தப் பெண் என்னை விட்டிருக்க மாட்டாள். வீடு வீடாகப் போக வேண்டும், கதவைத் தட்ட வேண்டும், மாமா பெயரைச் சொல்ல வேண்டும். ஊரே காறித் துப்பும். குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மானமாம், மண்ணாங்கட்டி.

நல்லவேளையாக மாமாவும் அக்காவும் அந்த வாரம் மருமகள் பிரசவத்துக்கு ஜொகூர் போயிருந்தார்கள். நல்லவேளை என்றுதான் அன்று நினைத்தேன். மாமா சுவரைக் கொத்திப் புதைத்த குழாய்களிலேயே புது வயர் ஓடியது, ஆகவே வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிங்க் பக்கத்துச் சுவிட்சை மட்டும் தண்ணீர் தெறிக்கிற இடம் என்று அந்தப் பெண் ஒதுக்கிவிட்டாள். விளக்குக்குக் கதவோரம் வேறு சுவிட்சு வைத்தாள். பழையதைப் பிடுங்கப் போனபோது நான் தடுத்தேன்.

"அது கெடக்கட்டும்மா. அவரு முதல் விளக்கு போட்ட சுவிட்சு. பாத்தா மனசு கஷ்டப்படுவாரு."

"வயர் இல்லாம வெறும் பெட்டியாத்தானே இருக்கப் போவுது, இருந்துட்டுப் போகட்டும். ஆனா அவருகிட்ட சொல்லிடுங்கக்கா" என்றாள்.

சொல்கிறேன் என்றேன்.

தீபாவளிக்கு மாமா வந்தார். வேட்டி கட்டிக்கொண்டு, எண்ணெய் வைத்துத் தலை சீவி, கை கழுவ நேராக சிங்குக்குப் போனார். போகிற போக்கில் தன் சுவிட்சைத் தட்டினார். விளக்கு அணையவில்லை. மறுபடியும் தட்டினார். கை துடைக்கத் துண்டை நீட்டினேன்.

"லூசாயிடுச்சு போல மாமா."

"பெட்டியெல்லாம் புதுசா இருக்கு?"

"கரண்டு ஏத்தறதுக்கு வந்தவங்க முன்வாசல் பெட்டிய மாத்திட்டாங்க. உள்ள ஒண்ணும் தொடல. நீங்க செஞ்சதுதான்."

"நல்லா இருக்கறத ஏன் தொடறானுங்களோ" என்று முனகிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்து வீட்டு ஆன்டியும் அன்று பந்தியில் இருந்தார். நாங்கள் இருந்த தோட்டத்திலிருந்தே வந்தவர், சர்ச்சுக்குப் போகிற குடும்பம், கணவர் இறந்துபோய்த் தனியாக இருப்பவர். இவ்வளவு பெரிய அடுப்பு ஓடுதே, கரண்டு தாங்குதா என்று கேட்டார். பொய்யை மறைக்க இன்னொரு பொய்யைக் கொஞ்சம் தாராளமாகவே அள்ளிப் போட்டேன்.

"மாமா கை வச்ச வேலை ஆன்டி. தப்பே வராது."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். ஆன்டி அதைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வரப் போகிறாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும். இந்த வயதில் தவலையில் சுட வைத்துத் தூக்க முடியாது. பாத்ரூமில் ஹீட்டர் போட வேண்டும். "ஐயா கொஞ்சம் வந்து மாட்டிக் குடுங்களேன்."

"அதுக்கென்ன, நம்ம புள்ளதானே" என்றார் மாமா.

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டேதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. சூட்டோடு சூடாகச் சொல்லாத விஷயம் நாளாக நாளாகக் கனத்துப் போகிறது. வேலி ஓரம் ஆன்டியைப் பார்க்கும்போதெல்லாம் சுற்றி வளைத்துப் பார்த்தேன்.

"இப்ப ரூலெல்லாம் கடுமையாம் ஆன்டி. லைசன்ஸ் இல்லாம செஞ்சா பைன் போடறாங்களாம்."

"எங்க வீட்டு பாத்ரூமை எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்? உங்க மாமா இருக்கும்போது எனக்கு எதுக்குமா வெளி ஆளு? நீயேதான சொன்ன."

நானேதான் சொன்னேன். வீட்டுக்காரரிடம் புலம்பினால், "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல. இப்ப போயி சொன்னா சகலை மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்று அவரும் நழுவிவிட்டார். மாமாவுக்கு மூட்டு வலி, அதனால் ஹீட்டர் வேலை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் உண்டு. என் லட்சணம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆன்டி கூப்பிட்டார். சர்ச்சுக்குப் போய் வந்த சேலைகூட மாற்றவில்லை. "வாம்மா, மக வந்துட்டா. உங்க மாமாவும் காலையிலேர்ந்து இங்கதான் இருக்காரு. ஹீட்டர் மாட்டியாச்சு."

கையில் இருந்த மாவோடு ஓடினேன். ஹாலில் மாமா நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மடியில் புதுத் துண்டு. உள்ளே பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"யாரு குளிக்கறா?"

"மகதான். முதக் குளியல் நிறைமாசக்காரி குளிக்கட்டும்னு ஐயா சொன்னாரு" என்றார் ஆன்டி.

"மாமா, ஹீட்டரை அந்தத் தானா விழற ட்ரிப் சுவிட்சுல குடுத்தீங்களா?"

"அதுல குடுத்தா தண்ணி பட்டுப் பட்டு விழுந்துக்கிட்டே இருக்கும்மா. பிள்ளத்தாச்சி பாதிக் குளியல்ல நிக்க முடியுமா? நேராவே குடுத்துட்டேன். நிக்காது" என்றார். உனக்காகவே பார்த்துப் பார்த்துச் செய்தேன் என்கிற குரல்.

என் வாயில் வந்தது ஒரே கேள்வி. "அவ செருப்பு போட்டிருக்காளா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். குளிக்கிறவள் எங்கே செருப்புப் போடுவாள். நான் வாசலுக்கு ஓடி, மாவுக் கையோடு பெட்டியைத் திறந்து, மெயின் சுவிட்சை இழுத்துக் கீழே தள்ளினேன். காற்றாடி சுற்றி ஓய்ந்தது. உள்ளேயிருந்து ஆன்டியின் மகள் கத்தினாள். "மம்மி, தண்ணி சில்லுன்னு வருது. கண்ணெல்லாம் சோப்பு."

"என்னம்மா செய்யற நீ?" என்று மாமா எழுந்தார்.

சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நீங்கள் செய்தது சரியில்லை மாமா என்று சொன்னேன். என் வீட்டில் நீங்கள் ஜொகூர் போயிருந்தபோது எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டேன், சிங்க் பக்கத்துச் சுவிட்சு வெறும் பெட்டி, உங்களுக்காக ஒட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். மேசையில் கரண்டு ஓடியதை, வயர் பார்க்க வந்த பெண் பித்தானை அமுக்கியும் பிரீசர் நிற்காததைச் சொன்னேன். ஆன்டி பாத்ரூம் கதவைத் தட்டி மகளை வெளியே கூப்பிட்டார். அவள் துண்டைச் சுற்றிக்கொண்டு, தலையில் நுரையோடு, வயிற்றைப் பிடித்தபடி வந்து நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமலேகூடப் போயிருக்கலாம். ஆன்டி மகளைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். மாமாவை அவர் அப்படிப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"தெரிஞ்சுக்கிட்டேவா அன்னைக்கு அப்படிச் சொன்ன?" என்றார்.

மாமா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்தத் தெரியும். அவர் துண்டை மடித்து நாற்காலியில் வைத்தார்.

"ஜொகூர் போனது தீபாவளிக்கு முன்னாடில்ல?"

"ஆமா மாமா."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும் மாமா."

"எங்க வீட்டுலயும் நான் அப்படித்தானம்மா இழுத்து வச்சிருக்கேன்" என்றார். "உங்க அக்கா வெறுங்காலோடதானே நிக்கறா."

மாமாவின் மனசு நோகக் கூடாது, குடும்பத்துக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்று இத்தனை மாதம் நான் கட்டிக் காத்ததெல்லாம் என்ன என்று அப்போதுதான் புரிந்தது. என் வீட்டுக்கு மட்டும் ஆள் வைத்து உருவிக்கொண்டேன். அக்கா வீடு ஒரு தடவைகூட என் நினைவில் வரவில்லை. வரவில்லை என்பதுகூடப் பொய்யாக இருக்கலாம். வேறு எங்கேயும் செய்யவில்லை என்று வயர் பார்க்க வந்த பெண்ணிடம் சொன்னபோது என் கண் முன்னே வந்தது அக்காவின் ஈரத் தரைதான்.

மாமா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். நான் போய்ச் சேருவதற்குள் மெயினை இறக்கிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்த வயர்காரப் பெண்ணின் நம்பரைக் கொடு என்றார். கொடுத்தேன். அவரே கூப்பிட்டு, "நான்தாம்மா அந்த வேலை செஞ்சவன்" என்று ஆரம்பித்து, தான் இழுத்த வீடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த வீட்டையும் மறைக்கவில்லை.

இரண்டு நாளில் அவள் வந்தாள். அக்கா வீட்டுப் பெட்டியைத் திறந்து, சோதிப்பதற்காக மெயினை ஏற்றிக் கிரைண்டரை ஓடவிட்டு, பித்தானை அமுக்கினாள். ஹால் இருண்டது. குசினியில் கிரைண்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் மாமாவைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"இதுதான் முதத் தடவைன்னு சொன்னீங்களேக்கா."

அக்கா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டவில்லை. வாசலுக்குப் போனாள். வெளியே கிடந்த தன் செருப்பைப் போட்டுக்கொண்டு, அதோடு குசினிக்குள் நடந்து வந்து, கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கினாள்.